பழுப்பு என வாசிக்கவும்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகளுக்குப் பதினாறு வயது நிறைந்த வாரத்தில், அந்தத் தெருவில் இருந்த நாற்பத்தொரு தொலைக்காட்சிகளும் உலகச் செய்திகளை நிறுத்திவிட்டு அவளைப் பற்றி மட்டுமே செய்தி வாசிக்கத் தொடங்கின. முதல் செய்தி திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு வந்தது. பள்ளிக்குக் கிளம்பிய மாணவி இரண்டு கால்களிலும் வெவ்வேறு நிறத்தில் காலுறை அணிந்திருந்ததால் வாசலில் பரபரப்பு நிலவியது என்று வாசித்துவிட்டு, செய்தி வாசிப்பவர் தாளைப் புரட்டினார். அடுத்த பக்கத்திலும் அவள்தான் இருந்தாள். கேபிள்காரர் வந்து கம்பங்களில் ஏறிப் பார்த்தார், பெட்டிகளைத் திறந்து பார்த்தார், பக்கத்துத் தெருவில் போய் நின்றும் பார்த்தார். அங்கே போரும் புயலும் தேர்தலும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. இந்தத் தெருவிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தால் அதுவும் ஒழுங்காகப் போரைக் காட்டியது. கம்பியில் கோளாறு இல்லை, தெருவில்தான் கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். ஒரு வாரம் தெரு இதைப் பற்றிப் பேசியது. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வருவதற்குப் பழகியதுபோல, பிறகு இதற்கும் பழகிவிட்டது.

அவளைத் தெருவில் எல்லோரும் திருகாணி என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு வயதில் அம்மாவின் தையல் இயந்திரத்தை ஆணி ஆணியாகக் கழற்றித் தரையில் அடுக்கி, அடி விழுவதற்குள் திரும்பப் பூட்டியும் விட்டாள். ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. இயந்திரம் அதன்பின் முன்பைவிட நன்றாக ஓடியது. அம்மா அந்த இயந்திரத்தில்தான் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைகள் தைத்தாள். அப்பா சுற்றுவட்டாரத்துப் பத்தொன்பது அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொண்டார். அவர் வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று அம்மா சொல்வாள். இப்படி ஒரு வீட்டில் செய்தி ஆகிற அளவுக்கு எதுவும் நடந்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆனால் செய்திக்கு அதைப் பற்றி எந்தக் கவலையும் இருக்கவில்லை.

தொலைக்காட்சி தொடங்கிய மூன்றாம் நாளே மற்றவையும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருந்தது. செய்தித்தாள் கௌரவமானது, ஒருநாள் தாமதமாக வரும். மெக்கானிக்கின் மகள் நேற்று மாலை வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டதாகத் தெரிவித்தார், ஆனால் முடிக்கவில்லை என்று நம்பத்தகுந்த வட்டாரங்கள் கூறுகின்றன என மூன்றாம் பக்கத்தில், வெப்பநிலைக்குக் கீழே போடும். அம்மாவின் தையல் மேசைமேல் இருந்த வானொலிக்குத் தேன்போன்ற குரல். அது நடந்ததைச் சொல்வதில்லை, மனசைச் சொல்லும். நம் தெருத் தங்கைக்கு இன்று காலையிலிருந்தே ஏனோ மனசு சரியில்லை, அவளுக்காக ஒரு பாடல் என்று சொல்லிப் பாட்டுப் போடும். தொலைக்காட்சி எதையும் சும்மா சொல்லாது. அவள் முன்முடியை வெட்டிக்கொண்ட அன்று நான்கு பேரை நான்கு கட்டங்களில் உட்காரவைத்து, வெட்டியிருக்கலாமா கூடாதா என்று ஒரு மணி நேரம் கத்தவிட்டது. அந்த நான்கு பேரில் ஒருவருக்குத் தலையில் முடியே இல்லை. கைப்பேசி இன்னும் மோசம், அது அவள் பையிலேயே இருந்தது. அவள் கொட்டாவி விட்டதை ஏழு நொடிப் படமாகக் காட்டி, கீழே முகம் தெரியாத முந்நூறு பேர் என்ன நினைக்கிறார்கள் என்பதையும் காட்டியது. அவளை நேரில் பார்த்தால் கேட்கவே மாட்டார்கள் என்கிற கேள்விகளையெல்லாம் அங்கே கேட்டார்கள்.

முதல் ஆறு மாதத்தில் அவளுக்கு என்ன ஆனது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. காது சொறிவதை நிறுத்தினாள். பல் தெரியாமல் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். செய்தித்தாளில் வரும் என்பதற்காகப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள், ஆனால் படிக்கவில்லை. கைப்பேசிக்காரர்கள் நடையைக் கிண்டல் செய்தபின் நடையை மாற்றினாள், மாற்றிய நடையைக் கிண்டல் செய்தபின் பழைய நடை எப்படி இருந்தது என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. காலையில் கண் விழித்ததும் எப்படி இருக்கிறது உடம்பு, எப்படி இருக்கிறது மனசு என்று தனக்குள் பார்ப்பதை விட்டுவிட்டு வானொலிக்குக் காது கொடுத்தாள். சந்தோஷம் என்று அது சொன்னால் சந்தோஷமாக எழுந்தாள். வருத்தம் என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். இதையெல்லாம் யாரும் கொடுமை என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு அத்தை, நம்ம தெருவுக்கு ஒரு பேர் கிடைச்சிருக்கு பாரு என்று பூரித்தாள். தெருவில் பாதிப் பெண்கள் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அவளோ தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு செய்தி வரும் நேரம் முன்னே நகர ஆரம்பித்தது. நேற்றைய சங்கதி இன்று வந்துகொண்டிருந்தது போய், நடக்கும்போதே வந்தது. அடுத்த மாதம், நடப்பதற்குச் சற்று முன்பே வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு வானொலி, தங்கை இன்று நீலக் கோப்பையை உடைக்கப்போகிறாள், பரவாயில்லை, போனால் போகட்டும் என்று சொல்லிப் பாட்டுப் போட்டது. ஏழு மணிக்கு அவள் கையிலிருந்து கோப்பை நழுவியது. எங்கும் இல்லாத அளவுக்கு முந்திச் சொல்லிவிட்டது என்று தெருவே வானொலியைப் பாராட்டியது. அதன்பின் அவளுக்கு வாழ்க்கை சுலபமாகிவிட்டது. சொன்னதைச் செய்தால் போதும். என்ன சாப்பிடுவாள், யாரோடு சண்டை போடுவாள், எந்தப் பேருந்தைத் தவறவிடுவாள் என்று முன்கூட்டியே தெரிந்தது, தவறவிட்டாள். ஆண்டுத் தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, கணக்கில் முப்பத்தொரு மதிப்பெண் எடுத்துத் தோல்வி அடைவாள் என்று நாற்பத்தொரு தொலைக்காட்சிகளின் அடிவரியிலும் ஓடியது. அவளுக்குக் கணக்கு நன்றாகவே வரும். தேர்வுக் கூடத்தில் முப்பத்தொரு மதிப்பெண் வருகிற அளவுக்கு எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். ஏன்டி இப்படிப் பண்ணினே என்று அம்மா கேட்டபோது, "அதான் சொல்லிட்டாங்களேம்மா" என்றாள். அந்தப் பதில் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே கோபம் வந்தது. அதுதான் தொடக்கம்.

அடுத்த நாள் காலை, அவள் பச்சைச் சட்டை அணிவாள் என்று தொலைக்காட்சி சொன்னது. அலமாரியில் பச்சைச் சட்டை மடித்துத் தயாராக இருந்தது. அவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டு, பழுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தொலைக்காட்சியில் பச்சைச் சட்டையோடு அவள் தெருவில் நடந்துபோனாள். முடிதிருத்தும் கடைக்காரர் ஒரு கண்ணால் திரையையும் ஒரு கண்ணால் அவளையும் பார்த்துவிட்டு, பச்சை உனக்கு எடுப்பா இருக்கும்மா என்றார். இது பழுப்புங்க என்றாள். ஆமா ஆமா, நல்ல பச்சை என்றார் அவர், கையில் கத்தியோடு. எதிர்வீட்டு அத்தையும் பச்சை என்றுதான் சொன்னாள். பேருந்து நிறுத்தத்தில் நின்ற பதினோரு பேரில் ஒருவருக்குக்கூட அது பழுப்பாகத் தெரியவில்லை. செய்தித்தாள் மட்டும் மறுநாள் இரண்டாம் பக்கத்தின் கீழ் மூலையில், எறும்பு அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிட்டது. நேற்று பச்சை எனக் குறிப்பிடப்பட்டிருந்ததைப் பழுப்பு என வாசிக்கவும், தவறுக்கு வருந்துகிறோம். அவள் அதைக் கத்தரித்து எடுத்தாள். அன்று மாலை அலமாரியைத் திறந்தபோது பச்சைச் சட்டை அங்கே இல்லை. யாரோ போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள், யார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கணக்கில் தோற்றவளை வீட்டில் சும்மா வைத்திருக்க வேண்டாம் என்று, மறுதேர்வு வரும்வரை அப்பாவோடு அனுப்பினார்கள். அப்பாவின் வலது தோள் அந்த வருடம் இறுகிப்போய், கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாமல் இருந்தது. லிஃப்ட் பெட்டி ஏறி இறங்கும் அந்தச் செங்குத்துப் பொந்துக்குத் தொழிலில் ஷாஃப்ட் என்று பெயர். அதற்குள் முதல்முறை தலையை நீட்டியபோது மேலே கயிறுகளும் கீழே இருட்டும் எண்ணெய் வாசமும் தவிர வேறொன்றும் இல்லை. கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட விழவில்லை. ஒரு சத்தம் இல்லை. முதல்முறையாக அங்கே அவளுக்குத் தன் மனசு என்ன சொல்கிறது என்று கேட்டது. பசிக்கிறது என்றது. வெளியே வந்து நன்றாகச் சாப்பிட்டாள். மறுதேர்வில் தொண்ணூற்றிரண்டு வாங்கினாள், தொலைக்காட்சி அதையும் முப்பத்தொன்று என்றே சொன்னது. படிப்பைத் தபாலில் தொடர்ந்துகொண்டு வேலையிலேயே நின்றுவிட்டாள். அம்மா இரண்டு பழுப்புச் சட்டைகளை வேலைக்கென்றே தைத்து, மார்பில் மூடி வைத்த பெரிய பை வைத்துக் கொடுத்தாள். அந்தப் பை ஃபியூஸ் கட்டைக்கு, அதைப் பிடுங்கிவிட்டால் லிஃப்டுக்கு மின்சாரம் போகாது. ஷாஃப்டுக்குள் யார் போகிறாரோ அவர் மீட்டர் அறைக்குப் போய்த் தன் கையால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், பெற்ற தகப்பன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அந்தத் தொழிலில் சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

இப்படி ஒன்றரை வருடம் போனது. தொலைக்காட்சி ஒன்று சொல்லும், அவள் வேறொன்று செய்வாள், தெரு தொலைக்காட்சி சொன்னதையே பார்க்கும். எழுத்துப் பிழைக்குக்கூட வெட்கப்படும் அந்தப் பழைய செய்தித்தாள் மட்டும் மறுநாள் மூலையில் வருந்தும். அழுதார் என்பதை அழவில்லை என வாசிக்கவும். மன்னிப்புக் கேட்டார் என்பதைக் கேட்கவில்லை என வாசிக்கவும். வேலையை விட்டார் என்பதை விடவில்லை என வாசிக்கவும். கருவிப்பெட்டி மூடியின் உள்பக்கத்தில் அவள் ஒட்டிய திருத்தங்கள் நூற்றைத் தாண்டின. அவளுக்கு முன்கோபமும் பிடிவாதமும் வந்துவிட்டன என்று எதிர்வீட்டு அத்தை வருத்தப்பட்டாள். உண்மைதான், இரண்டும் வந்திருந்தன. இரண்டும் அவளுக்கு நன்றாகப் பொருந்தின.

பதினெட்டு வயதில், ஒரு வெள்ளிக்கிழமை, அறிவிப்பு வந்தது. வரும் வியாழன் காலை பதினொன்று நாற்பதுக்கு, தெருக்கோடி ஏழு மாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கும்போது மெக்கானிக்கின் மகள் விழுந்து இறப்பார். எல்லாத் திரைகளிலும் சிவப்பு எழுத்தில் ஓடியது. நான்கு கட்டங்களில் நான்கு பேர், அதே மொட்டைத் தலைக்காரர் உட்பட, யார் பொறுப்பு என்று கத்தினார்கள். கைப்பேசியில் அழுகிற முகங்கள் குவிந்தன. வானொலி அம்மாவிடம் தணிந்த குரலில் பேசியது, அன்று தகப்பனார் ஃபியூஸ் கட்டையைத் தன் கையில் பத்திரமாக வைத்திருப்பார், இருந்தும் விதி என்று சொல்லிச் சோகப் பாட்டுப் போட்டது. வழக்கமாக ஒருநாள் பிந்துகிற செய்தித்தாள்கூட இந்த முறை எல்லோரோடும் ஒத்துப்போய் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமையே சுவர்களில் இரங்கல் சுவரொட்டிகள் ஒட்டினார்கள். படத்தில் அவள் பல் தெரியாமல் சிரித்தாள். அவள் அந்தச் சுவரொட்டியின் கீழே நின்று செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஒட்டியவர் தள்ளும்மா, நல்ல பொண்ணு போயிடுச்சு என்றார்.

புதன் மாலை அம்மா வானொலியை நிறுத்தினாள். அந்த வீட்டில் வானொலி நின்றது அதுவே முதல்முறை. வியாழன் காலை மகள் குளித்துவிட்டு வருவதற்குள் வாசல் கதவை வெளியே பூட்டிச் சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"ஒருநாள் இருந்துட்டுப் போடி. ஒரே ஒருநாள். லிஃப்ட் எங்கேயும் ஓடிடாது."

"இன்னைக்கு அது சொன்னதுக்குப் பயந்து உள்ள உக்காந்தா, நாளைக்கு எங்க உக்காரணும்னும் அதுதான்மா சொல்லும். அப்புறம் நான் எங்க இருக்கேன்னு நீ டிவியைப் போட்டுத்தான் பாக்கணும்."

"நீ உயிரோட இருந்தா எங்க இருந்தாலும் சரிடி எனக்கு."

"எனக்குச் சரியில்லம்மா."

அம்மா அழுதாள். அவளுக்கும் அழுகை வந்தது, அழுதுகொண்டே கருவிப்பெட்டியைத் திறந்தாள். கதவின் மூன்று கீல்களையும் உள்பக்கத்திலிருந்து கழற்றினாள், பன்னிரண்டு திருகாணிகள். கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்து, அம்மாவின் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைக் கீல்களில் திரும்ப மாட்டிவிட்டுப் போனாள். இந்த முறை ஒரு திருகாணியும் மிச்சமில்லை.

கட்டடத்தின் கீழ்த்தளம் கல்யாண மண்டபம்போல் நிறைந்திருந்தது. அப்பா மீட்டர் அறை வாசலில் நின்றிருந்தார், சட்டை முழுக்க வியர்வை. அவள் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியதும் அவர் கையை நீட்டினார். முப்பது வருடத் தொழிலில் அவர் செய்த ஒரே தவறு அது. "குடும்மா. நான் பத்திரமா வச்சுக்கறேன். நான் இங்கேயே நிக்கறேன், ஒரு அடி நகர மாட்டேன்." கண்கள் கலங்கியிருந்தன, கேட்டது அன்பினால்தான். இதையும் வானொலி சொல்லியிருந்தது என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவள் சொன்னாள், "உள்ள போறவ நான்ப்பா." கட்டையைப் பையில் போட்டு மூடியை அழுத்திவிட்டு ஏழு மாடியும் படியேறினாள். பெட்டி கீழ்த்தளத்தில் நின்றது. பெட்டி மேலே ஏறினால் அதன் மறுமுனையில் தொங்கும் இரும்பு எடைக்கட்டு அதே வேகத்தில் கீழே இறங்கும், அதற்கு நேர் கீழேதான் அவள் நின்று, பெட்டியை நேராக ஓடவைக்கும் தண்டவாளத்தின் ஆணிகளை முடுக்க வேண்டியிருந்தது. இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு, அந்தக் கட்டடச் சங்கத்தின் செயலாளர் கீழிருந்து சரியாகப் படம் எடுக்க முடியவில்லை என்று நான்காவது மாடிக்குப் போக லிஃப்ட் பொத்தானை அமுக்கினார். பெட்டி நகரவில்லை. ஏன்யா நகரல, ஃபியூஸ் எங்கே என்று அப்பாவிடம் கேட்டார். என்கிட்ட இல்லீங்க என்றார் அப்பா. இரண்டாவது முறை கேட்டார், இரண்டாவது முறையும் இல்லீங்க என்றார். செயலாளர் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அப்பா. கையில் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று பிற்பாடு அவரே சொல்லி, சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். பதினொன்று நாற்பதுக்குள் அந்தப் பொத்தானை முப்பத்தாறு பேர் அமுக்கினார்கள். எல்லோரும் அவள் விழுவதை நல்ல இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று விரும்பினார்கள், வேறு கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பெட்டி கல்லாட்டம் நின்றது. மேலே அவள் கடைசி ஆணியை முடுக்கி, கையைத் துணியில் துடைத்து, பன்னிரண்டு மணிக்குப் படியிறங்கி வந்தபோது கீழ்த்தளம் காலியாக இருந்தது. அப்பா மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் வெளியே தெருவில் நின்று கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சட்டை அணிந்த ஒரு பெண் ஏழாவது மாடியிலிருந்து ஷாஃப்டுக்குள் விழுந்துகொண்டிருந்தாள். படம் பதினோரு நொடி. இரண்டாவது மாடி அருகே வரும்போது முடிந்து, திரும்ப மேலிருந்து தொடங்கியது. முகம் அவளுடையது.

அவள் கூட்டத்தின் நடுவே நின்று, நான் இங்கதான் இருக்கேன் என்று கத்தினாள். கத்தினாள் என்பதைத் திருத்தத் தேவையில்லை, உண்மையிலேயே தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவர் நகர்ந்து வழிவிட்டார். மாலையில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு அவளும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எழுந்து பேசியவர்கள் எல்லோரும் அவள் அடக்கமானவள், சொன்ன பேச்சு கேட்பவள், பச்சை நிறப் பிரியை என்றார்கள். வருகைப் பதிவேட்டில் அவளும் கையெழுத்துப் போட்டாள். ஒரு வாரத்தில் தொலைக்காட்சிகள் அலுத்துப்போய்ப் போருக்கும் புயலுக்கும் திரும்பின. வானொலி வெறும் பாட்டுப் பெட்டியானது. செய்தித்தாள் எட்டாம் நாள், விழுந்தார் என்பதை விழவில்லை என வாசிக்கவும் என்று போட்டது. கைப்பேசிப் படம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் கிளம்பி, தெரு முழுக்கச் சுற்றியது. திருகாணி தினமும் அதே தெருவில் கருவிப்பெட்டியோடு நடந்தாள், லிஃப்ட் நின்றுபோனால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். சரிசெய்துவிட்டு அவள் போனபின், பாவம் அந்தப் பொண்ணு இருந்திருந்தா என்று பேசிக்கொண்டார்கள். எட்டு வருடம் இப்படியே போனது. அவள் பொருட்படுத்தவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், பொருட்படுத்தினாள்.

எட்டாம் வருடத்தில் சீருடைக்கு அளவு கொடுக்க எதிர்வீட்டு அத்தையின் பேத்தி வந்தாள், பன்னிரண்டு வயது. அந்தப் பிள்ளை எந்நேரமும் எதையாவது கழற்றிக்கொண்டிருக்கும். கழற்றும்போதெல்லாம் வீட்டில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவார்களாம், பாத்தியா, ஸ்பேனரைத் தூக்கினவ கதி என்று. அம்மா தோள் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை திருகாணியைப் பார்த்துக் கேட்டது, "அக்கா, நீங்க செத்தப்போ வலிச்சுதா?"

திருகாணி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, ஆனால் அது பிள்ளைமேல் இல்லை. அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். எட்டு வருடத்தில் அவள் அதை முழுதாகப் பார்த்ததே இல்லை. இப்போது தொழில்காரியின் கண்ணால் பார்த்தாள், நான்குமுறை பார்த்தாள். ஐந்து மாடியை ஒரு ஆள் விழுந்து கடக்க இரண்டு நொடிகூட ஆகாது. இவளுக்குப் பதினோரு நொடி ஆகிறது. மாடிக்கு இரண்டு நொடிக்குச் சற்று மேல், அது அந்தக் கட்டடத்து லிஃப்டின் வேகம். அந்த வேகத்தில் இறங்குகிற எதையும் கையால் பிடிக்கலாம். இவ்வளவு நாளும் அவள் கணக்குப் போடாமல் இருந்துவிட்டாள். விழுந்துகொண்டிருந்தவளின் கண் திறந்திருந்தது, காது மடலைச் சொறிந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும், எப்போதோ காது சொறிவதை நிறுத்தியிருந்த திருகாணியின் கை தன் காதுக்குப் போனது.

மறுநாள் காலை வெளிச்சத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏழு மாடிக் கட்டடத்துக்குப் போனாள். பெட்டியை முதல் மாடியில் நிறுத்தினாள், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து பெட்டியின் கூரைமேல் இறங்கி, இடுப்புப் பட்டையைத் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டு கைகளை விரித்து நின்றாள். பிள்ளை வாசலுக்கு வெளியே ஓரடி தள்ளி உட்கார்ந்து படத்தை ஓடவிட்டு, ஒண்ணு ரெண்டு என்று சத்தமாக எண்ணியது. ஒன்பதில் மேலிருந்து காற்று வந்தது. பத்தில் பச்சை தெரிந்தது. பதினொன்றில் படம் முடிந்தது, ஆள் முடியவில்லை. நல்ல கனம். திருகாணி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள், இருவரும் கூரைமேல் உருண்டார்கள், பட்டை இழுத்து நிறுத்தியது. பச்சைச் சட்டைக்காரி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். எட்டு வருடமாகப் பதினெட்டு வயதிலேயே இருந்தாள்.

"இன்னும் எத்தனை மாடி?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது. எந்திரி. அந்த கிரீஸ் டப்பாவை எடு."

அவள் எடுத்தாள். அன்று மாலைக்குள் தண்டவாளம் முழுவதும் கிரீஸ் பூசி முடித்தார்கள். கைப்பேசிப் படம் இப்போதும் இருக்கிறது, பதினோரு நொடி வெறும் ஷாஃப்டும் கயிறும் மட்டும் ஓடுகின்றன, ஆள் இல்லை. அதையும் ஆயிரக்கணக்கானோர் பார்த்து அழுகிற முகம் போடுகிறார்கள், போட்டுக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்தபோது அம்மா நாடாவை எடுத்துப் புதியவளின் தோளைச் சுற்றிப் போட்டு அளந்துவிட்டு, பெரியவளைப் பார்த்து, "நீயும் இப்படித்தான்டி இருந்தே, இப்ப உப்பிட்டே" என்றாள். சின்னவளுக்குப் பழுப்பு பிடிக்கவில்லை, பச்சைதான் வேண்டும் என்றாள். அம்மா பச்சையிலேயே தைத்தாள், மார்பில் மூடி வைத்த பெரிய பையோடு. அப்பா அன்று இரவுச் சாப்பாட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினார், மழையும் வந்தது. மூன்றாம் நாள் செய்தித்தாள் இரண்டாம் பக்கத்தின் கீழ் மூலையில், மெக்கானிக்கின் மகள் எனக் குறிப்பிடப்பட்டு வந்ததை மகள்கள் என வாசிக்கவும், தவறுக்கு வருந்துகிறோம் என்று போட்டது. மூடியில் இடம் இல்லாததால் அதைக் கருவிப்பெட்டியின் அடியில் ஒட்டினார்கள். எதிர்வீட்டுப் பிள்ளை விடுமுறை நாட்களில் தன் ஸ்பேனரோடு வந்துவிடுகிறது, அத்தை இப்போது எதையும் போட்டுக் காட்டுவதில்லை. பத்தொன்பது கட்டடங்களையும் அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்கிறார்கள். யார் உள்ளே இறங்குகிறாளோ, ஃபியூஸ் கட்டை அவள் பையில் இருக்கும்.